விருந்தா, வெள்ளமா?



பல்லாண்டுகளாகப் பள்ளியில் தமிழ் கற்பித்து வருகின்றேன். ஆண்டுதோறும் விருந்தோம்பல் பற்றிய பாடம் வரும். ஆண்டுதோறும் அதனை மகிழ்ந்தே நடத்துவேன். சில ஆண்டுகட்கு முன் அப் பாடம் நடந்துகொண்டிருக்கையில், கடைசி வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, எங்கள் வீட்டில் ஐந்து பேர் இருக்கின்றோம். இருவர் மூவர் வந்தால் பாய் விரித்துச் சோறு போடுவோம். ஐந்நூறு பேர் ஒருங்கே வந்து நின்றால் என்ன செய்வது?" என்றான். வகுப்பு சிரித்தது. யானும் சிரித்து, "வரும்போது பார்த்துக்கொள்ளலாம், உட்கார்" என்று கூறி அடுத்த பாட்டிற்குச் சென்றுவிட்டேன்.

அவன் கேட்டது நகையாட்டு அன்று என்பதும், விடை கூறாது விட்டது என் குறையே என்பதும் பின்னரே எனக்கு விளங்கின. அதே வினாவை இன்று அமெரிக்க நாட்டின் சிறிய ஊர்கள் சில தம் கடற்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வாயிலில் வந்து நிற்பவை உலாக்கப்பல்கள்.

உலாக்கப்பல் என்பது ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊர்க்கு ஆளேற்றிச் செல்லும் கலம் அன்று. அது தானே ஓர் ஊர். உணவகமும் கடைத்தெருவும் ஆடரங்கும் நீச்சற்குளமும் அதற்குள்ளேயே உள. 2024-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் முதற்செலவு புறப்பட்ட 'ஐகான் ஆவ் த சீசு' என்னும் கப்பல் 365 மீட்டர் நீளமுடையது. முழுதும் நிரம்பினால் 7,600 பயணிகளும், அவர்கட்குப் பணிசெய்ய 2,350 பேரும் அதில் இருப்பர். ஏறத்தாழப் பத்தாயிரம் பேர்! நம் நாட்டுப்புறத்துச் சிற்றூர்கள் நாலைந்தைச் சேர்த்தாலும் அத்துணைப் பேர் தேறுவது அரிது.

இத்தகைய பெருங்கலங்கள் காலையில் வந்து நிற்கும், மாலையில் சென்றுவிடும். இடைப்பட்ட சில மணி நேரத்திற்குள் ஆயிரக்கணக்கானோர் ஒரே தெருவில் இறங்கி, ஒரே கடைத்தெருவைச் சுற்றி, ஒரே நேரத்தில் திரும்புவர். உண்பதும் உறங்குவதும் கப்பலிலேயே; அவற்றிற்கான பணத்தைக் குழுமங்கள் முன்னரே பெற்றுக்கொண்டுவிட்டன. கரையில் சுற்றிப் பார்க்கும் ஏற்பாட்டிலும் கப்பற் குழுமத்திற்குப் பங்கு உண்டு. ஊர்க்குக் கிடைப்பது துறைக் கட்டணமும், ஒரு பனிக்குழையும் ஓர் அச்சிட்ட சட்டையும் விற்ற காசும். நெரிசலும் குப்பையும் புகையும் முழுதும் ஊர்க்கே.

அக் குழுமங்கள்தாம் யாருடையவை? இத் தொழிலின் பெரும்பகுதியைக் கையில் வைத்துள்ள மூன்று பெருங்குழுமங்களின் தலைமையகங்களும் அமெரிக்காவின் மயாமிப் பகுதியிலேயே உள. ஆயினும் அவை பனாமா, இலைபீரியா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவு பெற்று வளர்ந்தவை. கப்பல்கள் பறக்கவிடுவனவும் பெரும்பாலும் அத்தகைய நாடுகளின் கொடிகளே. இருப்பது ஓரிடம், பெயர் பதிந்தது வேறிடம், வரி செலுத்துவதோ மிகக் குறைவு. எந்த மண்ணையும் தன் மண்ணென்று கருதவேண்டாத ஒன்று, வந்துநிற்கும் மண்ணைப் பற்றி எத்துணைக் கவலை கொள்ளும்? அவற்றுள் ஒரு கப்பற் பிரிவு, எண்ணெய் கலந்த கழிவுநீரைக் களவாகக் கடலில் விட்டு மறைத்த குற்றத்தை 2016-இல் ஒப்புக்கொண்டு, நான்கு கோடித் தாலர் தண்டம் செலுத்த இசைந்தது. அதனை வெளிப்படுத்தியவர் அரசதிகாரி அல்லர். அக் கப்பலிலேயே பணியாற்றிய பொறியாளர் ஒருவர்.

இனி, இரண்டு ஊர்களின் வரலாற்றைச் சொல்கின்றேன். இரண்டும் ஒரே வினாவை எழுப்பின. ஒரே வழியில், வாக்கெடுப்பு வாயிலாக, விடையும் கண்டன. முடிவு மட்டும் இரண்டிற்கும் வேறாயிற்று. அது ஏன் என்பதே நாம் எண்ணத்தக்கது.

முதலாவது, புளோரிடா மாநிலத்தின் தென்கோடித் தீவாகிய கீ வெசுட்டு. இப் பெயரே ஒரு திரிபு. இசுப்பானியர் இதற்கு 'எலும்புத் தீவு' என்னும் பொருள்படக் காயோ உவேசோ என்று பெயரிட்டனர். 'எலும்பு' என்னும் சொல் ஆங்கிலர் வாயில் 'மேற்கு' என்னும் சொல்லாக மாறிவிட்டது. வருவோர் வாய்க்கு ஏற்ப ஊரின் பெயரே மாறியது பழங்கதை. வருவோர் வசதிக்கு ஏற்ப ஊரே மாறுவது புதுக்கதை.

ஏறத்தாழ 26,000 பேர் வாழும் அத் தீவிற்குக் கொரோனாத் தொற்றுக்கு முன் உலாக்கப்பல் வழியே ஆண்டுக்குப் பத்து இலக்கம் அளவில் மக்கள் வந்திறங்கினர். அங்குக் கடல் ஆழமற்றது. பெருங்கப்பலின் சுழலிகள் வாய்க்காலின் அடிச்சேற்றைக் கிளறும். கலங்கிய நீரில் கதிரொளி புகாது. ஒளியின்றிப் பவளமும் கடற்புல்லும் நலியும். அக் கடலை நம்பி வாழும் மீன்பிடி வழிகாட்டிகள் இதனை நெடுநாளாகவே சொல்லிவந்தனர். 2020 மார்ச்சுத் திங்களில் தொற்றின் கரணியமாகக் கப்பல்கள் நின்றன. சில திங்களில் நீர் தெளிந்ததை ஊரார் தம் கண்ணாரக் கண்டனர். கண்ட பின் வாளா இருப்பரோ?

2020 நவம்பர் 3-ஆம் நாள் மூன்று முன்மொழிவுகள் வாக்கிற்கு விடப்பட்டன. நாளொன்றுக்குக் கப்பலிலிருந்து இறங்குவோர் 1,500 பேரைத் தாண்டலாகாது. 1,300 பேருக்கு மேல் கொள்ளும் கப்பல் வரலாகாது. தூய்மையிலும் நலத்திலும் நல்ல பதிவுடைய கப்பல்கட்கே முன்னுரிமை தரல்வேண்டும். மூன்றும் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றன.

வென்று என்ன பயன்? அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம், துறைமுகப் போக்குவரவை ஊர் வாக்கெடுப்பால் கட்டுப்படுத்தலாகாது என்று ஒரு சட்டம் இயற்றியது. 2021 சூன் 29-இல் ஆளுநர் அதில் கையெழுத்திட்டார். வாக்குப்பெட்டியில் ஊரார் இட்டது ஒரு தாளின் ஓரத்தில் இட்ட மையால் அழிக்கப்பட்டது! பின்னர் 2022-இல் நகரவை தன் கையிலிருந்த துறைகளிலேனும் பெருங்கப்பல்கட்கு இடந்தராதொழிய முடிவு செய்தது. தனியார் குத்தகையில் இருந்த துறைக்கோ பெருங்கப்பல்கள் தொடர்ந்து வந்தன. ஊரின் வாயில்களுள் ஒன்று பிறர் கைக்குச் சென்றுவிட்டால், மற்றவற்றைப் பூட்டி என் செய்வது?

இரண்டாவது ஊர், அந் நாட்டின் வடகிழக்கு மூலையில் மெயின் மாநிலத்தில் உள்ள பார் ஆர்பர். பாறையும் காடும் கடலும் தழுவிய ஒரு தீவில் அமைந்தது. ஐரோப்பியர் வருமுன்னர் அங்கு வாழ்ந்தோர், 'விடியல் நாட்டு மக்கள்' எனப் பொருள்படும் பெயருடைய வபனாக்கி மக்கள். பின்வந்தோர் 1796-இல் 'ஈடன்' என்னும் பெயரில் ஊரை அமைத்தனர். 1918-இல் இன்றைய பெயரை இட்டனர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 5,089 பேர். அக்காடியா என்னும் தேசியப் பூங்கா அங்கு இருத்தலால் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 இலக்கம் வருகைகள் அப் பூங்காவிற்கு உண்டு. ஆகவே, அவ்வூரார் வந்தோரைக் கண்டு முகஞ்சுளிப்போர் அல்லர், வந்தோரால் வாழ்வோரே.

அங்கே கப்பல்கள் விரிகுடாவில் நங்கூரமிட்டு நிற்கும். சிறு படகுகள் பயணிகளைக் கரை சேர்க்கும். ஒரு பெருங்கப்பலே மூவாயிரம், நாலாயிரம் பேரைச் சுமந்து வரும். இலையுதிர் காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்கள் வந்தன. ஐயாயிரம் பேர் வாழும் ஊர், தன்னளவு மக்களை நண்பகலுக்குள் ஏற்று மாலைக்குள் அனுப்பவேண்டிய நிலை! நடைபாதையில் நடக்க இடமில்லை. கடைத்தெருவில் ஊராருக்கு வேண்டிய பொருளினும் வழிச்செல்வோர்க்கு வேண்டிய பொருளே மிகுந்தது.

குடிமக்கள் தாமே கையெழுத்துத் திரட்டி, 2022 நவம்பர் 8-ஆம் நாள் வாக்கெடுப்பில் ஒரு விதியை நிறைவேற்றினர். நாளொன்றுக்குக் கப்பலிலிருந்து கரையிறங்குவோர் 1,000 பேர்க்கு மிகலாகாது. மிகுந்தால் தலைக்கு 100 தாலர் வரை அன்று, 100 தாலருக்குக் குறையாமல் தண்டம். ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் அதனை ஏற்றனர்.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கருதுக. அவ்வூரார் "கப்பலே வாராதே" என்று கூறவில்லை. கடல் அவர்களுடையது அன்று. கடல்வழி வணிகம் நடுவணரசின் ஆட்சிக்கு உட்பட்டது. அவர்கள் எண்ணியது கப்பலை அன்று; தம் மண்ணில் பதியும் கால்களை. மண் அவர்களுடையது. தமக்குரியதில் மட்டும் நின்று அவர்கள் பேசினர். அதனாலேயே அவர்கள் சொல் நின்றது.

அவ்வூர் வணிகர் சிலர் ஒன்றுகூடி, மாநிலங்களுக்கிடைப்பட்ட வணிகத்தை இவ்விதி தடுக்கின்றது என்று நடுவணரசின் முறைமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2024 பிப்ரவரி 29-இல் நடுவர் தீர்ப்புரைத்தார். விதியின் பெரும்பகுதியும் செல்லும் என்றார். 2025 ஆகத்துத் திங்களில் மேல்முறைமன்றமும் அத் தீர்ப்பின் பெரும்பகுதியை ஏற்று, வணிகத்தின்மேல் விழும் சுமையைப் பற்றிய ஒரு கூற்றை மட்டும் மீண்டும் ஆராயுமாறு திருப்பி அனுப்பியது. இடையே 2024 நவம்பரில், இவ்விதியை நீக்கிக் கப்பற் குழுமங்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளலாம் என்னும் முன்மொழிவு ஊரார்முன் வைக்கப்பட்டது. நூற்றுக்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் அது தோற்றது. மயிரிழைதான், எனினும் மதகு உடையவில்லை.

எதிர்ப்போர் கூற்றையும் நாம் நடுவுநிலையோடு நோக்கல் வேண்டும். ஒருபாற் கோடிப் பேசுதல் சான்றோர்க்கு அழகன்று.

"எங்கள் கடைகள் மூடப்படுமே" என்கின்றனர் வணிகர். வழக்கிட்டோரும் அவ்வூர் மக்களே, பகைவர் அல்லர். அவர்கள் இழப்பு மெய்யான இழப்பே. அதனை இல்லையென்பார் பொய்யுரைப்பார். ஆயின் ஊர் முழுதும் சுமக்கும் நெரிசலுக்கு விலை என்ன, அதனை யார் கொடுப்பார் என்னும் வினாவும் அதே துலையில் வைக்கத்தக்கது. தரைவழி வந்து, ஊரில் தங்கி, உண்டு, உறங்கிச் செல்வோரின் வருகையும் அந் நெரிசலால் குறையுமன்றோ?

"இது செல்வர் தம் ஊரைத் தாமே துய்க்க எழுப்பும் மதில்" என்போரும் உளர். இக் கூற்று என்னைச் சற்றுத் தைத்தது. உலாக்கப்பலில் வருவோர் எல்லாரும் பெருஞ்செல்வர் அல்லர். என்போல் முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெற்ற ஆசிரியரும் செவிலியரும், வாழ்நாளில் ஒருமுறையேனும் கடல் கண்டு வருவோமென்று சேர்த்த காசில் வருகின்றனர். மலையேறவும் வண்டியோட்டவும் இயலாத முதியோர்க்குக் கப்பலே கால். அவர்களை இகழ்வது என் கருத்தன்று. பிழை வருவோரிடத்தில் இல்லை. அவர்களைப் பொதிபோல் அடுக்கி ஒரே வேளையில் ஒரே கரையில் கொட்டும் ஏற்பாட்டிலேயே உள்ளது. ஆயிரவர் வந்தால் முகம் தெரியும். ஐயாயிரவர் வந்தால் தலை மட்டுமே தெரியும்.

இவ்விடத்தில், நடுவர் தீர்ப்பின் மற்றொரு பகுதியையும் சொல்லாது விடலாகாது. அவ்விதி கப்பற் பணியாளர் கரையிறங்கும் உரிமையைத் தடுக்குமளவிற்குச் செல்லாது என்றும் அவர் கூறினார். மிக நன்று! பிலிப்பைன்சு, இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து சென்று, திங்கள் பலவாக மண் மிதியாது உழைக்கும் எளியவர்க்கு, சிறிது நேரம் தரையில் நடப்பதும் வீட்டாரோடு பேசுவதும் உயிர்ப்புப் போன்றவை. ஊரைக் காக்கும் விதி ஏழைப் பணியாளனை வதைப்பதாயின் அது முறையாகாது. அளவு வகுப்போர் அருளையும் உடன்வைத்து வகுத்தல் வேண்டும்.

எல்லா ஊர்களும் ஒன்றுபோல் முடிவு செய்யவில்லை என்பதும் உண்மை. அலாசுக்காவின் தலைநகராகிய சூனோவில் வாழ்வோர் ஏறத்தாழ 32,000 பேர். 2023-இல் அங்குக் கப்பல்வழி வந்தோர் 16 இலக்கத்தினும் மிக்கோர். நாளொன்றுக்கு ஐந்து பெருங்கப்பல்களே வரலாம் என்னும் உடன்பாடு 2024 முதல் அங்கு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு அத்தோபரில், காரிக்கிழமைகளில் பெருங்கப்பலே வரலாகாது என்னும் முன்மொழிவை ஊரார் ஏறத்தாழ 61 விழுக்காட்டு வாக்குகளால் மறுத்துவிட்டனர். அங்குப் பலர்தம் பிழைப்பு அத் தொழிலைச் சார்ந்தது. அம் முடிவையும் யான் மதிக்கின்றேன். ஏனெனில் அதனைச் செய்தவர் அவ்வூரார். வேண்டும் என்றாலும் வேண்டா என்றாலும், கூறும் வாய் ஊரின் வாயாக இருத்தல் வேண்டும். யான் வற்புறுத்துவது இவ்வொன்றே.

நம் நாட்டுப்புறத்து ஏரியை எண்ணிப் பாருங்கள். ஆற்றுநீரின்றி ஏரி நிரம்பாது, பயிர் விளையாது. ஆயினும் மதகு வைக்காமல் எவனும் ஏரி வெட்டினானா? மதகு வைத்தவன் ஆற்றைப் பகைத்தவன் ஆவானா? அளவாக வரும்போது நீர். அளவிறந்து வரும்போது வெள்ளம். நீர் ஒன்றே, அளவே அதனை ஆக்கமாகவும் அழிவாகவும் செய்கின்றது. அம் மதகைத் திறப்பதும் அடைப்பதும் யார் கையில் இருத்தல் வேண்டும்? வயலில் காலூன்றி நிற்பவன் கையிலா, எங்கோ தொலைவில் இருந்து நீருக்கு விலை பேசுபவன் கையிலா?

கீ வெசுட்டில் மதகின் பலகையை மாநிலச் சட்டமன்றம் பிடுங்கிக்கொண்டது. மதகுகளுள் ஒன்று முன்னரே குத்தகைக்குப் போயிருந்தது. பார் ஆர்பரில் பலகை ஊரார் கையிலேயே நின்றது. இரண்டு ஊர்களின் முடிவு வேறுபட்டதற்குக் கரணியம் இதுவே. வாக்களித்த மக்களின் உறுதியில் குறைவில்லை. அவ் வாக்கு எதனைக் கட்டும், எதனைக் கட்டாது என்பதிலேயே வேறுபாடு.

இது தொலைநாட்டுச் செய்தி, நமக்கென்ன என்று கருதற்க. 2022 சூன் திங்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஓர் உலாக்கப்பல் புறப்பட்டது. புதுச்சேரிக்கும் வருவதாக இருந்த அக் கப்பலுக்கு, அதனுள் சூதாட்டம் நடைபெறும் என்று அங்கு எதிர்ப்பெழுந்தது. அப்போது அது கரைசேர இசைவு பெறவில்லை. நம் கடற்கரைகட்கும் இக் கலங்கள் பெருகி வரும் நாள் தொலைவில் இல்லை. வரட்டும், வருவாரை வரவேற்றல் நம் மரபு. ஆனால் எத்துணைப் பேர், எந்நேரம், எத்துறையில் என்பதனை அவ்வக் கரையில் வாழும் மீனவரையும் சிறுவணிகரையும் கேட்டு வகுத்த பின் வரட்டும். துறை கட்டிக் குத்தகைக்கு விட்டபின் அளவு பேசுவது, ஏரி உடைந்தபின் மதகு தேடுவதாகும்.

விருந்து என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை. புதிதாய் வருவோர் விருந்தினர். வருவோரை நோக்கி ஒருவர் முகம் மலர்ந்து "வாருங்கள்" என்று சொல்லும்போதே அச் சொல் உயிர்பெறும். அவ்வாறு சொல்லும் உரிமையை வீட்டாரிடமிருந்து பறித்துவிட்டால், பின் அங்கு நடப்பது விருந்தோம்பல் அன்று, இல்லம் இழத்தல். வேண்டாமென்று மறுக்க இயலாதவன் கூறும் "வருக" என்னும் சொல்லுக்குப் பொருளே இல்லை.

அன்று கடைசி வரிசையில் எழுந்து நின்ற அம் மாணவனுக்கு இன்று விடை கூறுகின்றேன். தம்பி! ஐந்நூறு பேர் வந்தால் ஓடி ஒளியவேண்டா. கதவை அறைந்து சாத்தவும் வேண்டா. வாயிலில் நின்று, எத்துணைப் பேர்க்கு இலை போட முடியும் என்று எண்ணிப் பார். அத்துணைப் பேரை அகம் குளிர அழை. மற்றையோரை நாளை வருமாறு கைகூப்பி வேண்டு. ஆனால் ஒன்றை மட்டும் மறவாதே: எண்ணுபவன் நீயாக இருத்தல் வேண்டும்!